ஒரு ரூம், ஒரு டீவி

ஒரு சின்னப் புதிர். ஒரு பெரிய ஹால். சுவத்துல எட்டு டீவி மாட்டியிருக்கு. எட்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். கையில ஒரே ஒரு ரிமோட். எல்லாத்தையும் அணைக்கணும். பட்டனை அமுக்குறீங்க. ஏழு அணைஞ்சிடுச்சு. தூண் மறைச்ச மூலையில இருக்கற எட்டாவது மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. நாலடி நகர்ந்து நின்னு மறுபடி அமுக்குறீங்க. எட்டாவது அணைஞ்சது, சந்தோஷம். ஆனா ஏற்கெனவே அணைஞ்ச ஏழும் இப்போ திரும்ப உயிரோட வந்துடுச்சு. இன்னொரு தடவை அமுக்கினா ஏழு அணையும், எட்டாவது எரியும். விடிய விடிய அமுக்கலாம்.

இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் நான் இருக்கும் ஊரில் ஒரு சர்ச்சின் இளைஞர் மையத்தில் நடந்த கூத்து. ஆபீஸ் நண்பர் ஒருத்தர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே வரும் பசங்களைப் பார்த்துக்கொள்கிறார். டீவி எல்லாத்தையும் ஒரே இடத்துல இருந்து கட்டுப்படுத்த வழி இருக்கான்னு கேட்டு என்னைக் கூப்பிட்டார். (எனக்கு அங்கே ஜெபத்தில் வேலை இல்லை, வயரில்தான்.) அவர்கள் அதுவரை கண்டுபிடித்து வைத்திருந்த வழி: ஒருத்தர் துடைப்பக்கட்டை நுனியில் அட்டை ஒட்டி, அணைந்துவிட்ட டீவியின் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்பார், இன்னொருத்தர் ரிமோட்டை அமுக்குவார்.

வயர் வேலையைப் பற்றி எழுதப்போவதில்லை. அந்தத் துடைப்பக்கட்டையைப் பார்த்ததும் மண்டைக்குள்ள ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது. ஒரே படத்தைப் பல டீவிக்குப் பிரிச்சுக் கொடுக்கறது எழுபது வருஷத்துக்கும் மேலான பழைய வித்தை. அப்படியிருக்க, அதையெல்லாம் ஒரே கையால் அணைப்பது மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டமாயிருக்கு? தோண்டிப் பார்த்ததில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

படத்தைப் பிரித்த கதையில் இருந்து ஆரம்பிப்போம். 1948 நவம்பர். ஆரிகன் மாநிலத்தில் அஸ்டோரியா என்ற சின்ன ஊர். அங்கே எட் பார்சன்ஸ் என்று ஒருத்தர், ரேடியோ ஸ்டேஷன் நடத்தியவர். அவர் மனைவிக்கு டீவி பார்க்க ஆசை. ஆனால் பக்கத்தில் ஸ்டேஷனே கிடையாது. சியாட்டிலில் புதிதாக ஒரு ஸ்டேஷன் வருகிறது, அது இருப்பதோ இருநூறு கிலோமீட்டர் தாண்டி, நடுவில் மலைகள். மனுஷன் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்து, எந்த இடத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று தேடினார். கடைசியில் தன் வீட்டுக்கு எதிரே இருந்த அஸ்டோரியா ஹோட்டல் மொட்டைமாடிதான் சரியான இடம் என்று தெரிந்தது. அங்கே ஆன்டெனாவை நட்டு, வயரைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். படம் வந்தது. கூடவே ஊரும் வந்தது. வீட்டில் உட்கார இடமில்லை. கூட்டத்தைக் குறைக்க ஹோட்டல் வரவேற்பறையிலும் ஒரு டீவி வைத்து அதே வயரில் கோத்துவிட்டார். அங்கேயும் கூட்டம். ரூம் எடுக்க வருகிறவர்கள் உள்ளே நுழைய முடியவில்லை என்று மேனேஜர் டீவியை எடுக்கச் சொல்லிவிட்டார் :-)

அமெரிக்க கேபிள் டீவியின் தொடக்கக் கதைகளில் இது ஒன்று. பென்சில்வேனியாவின் மலை ஊர்களுக்கும் இதே பெருமையில் பங்கு உண்டு. யார் முதல் என்கிற சண்டை நமக்கு வேண்டாம். நான் கவனித்தது வேறு. முதல் மாதத்திலேயே ஒரு ஆன்டெனா, பல டீவி என்பது வந்துவிட்டது. அதே 1948-ல் பிலடெல்பியாவில் மில்டன் ஷாப் என்பவர் ஜெரால்ட் எலக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். இவர் பின்னாளில், 1971 முதல் 1979 வரை, பென்சில்வேனியா கவர்னராக இருந்தவர். டீவி விற்கும் கடைகளில் பத்துப் பதினைந்து டீவியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டவேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆன்டெனா வைத்தால் ஒன்றோடொன்று சண்டை போடும். அபார்ட்மென்ட் மொட்டைமாடிகளிலும் இதே கதை. ஒரே ஆன்டெனா, ஒரு பெருக்கி, அங்கிருந்து எல்லாச் செட்டுக்கும் வயர் என்பதை ஒரு வியாபாரமாகவே அவர் ஆக்கினார்.

ஆக, பிரிப்பது அன்றைக்கே முடிந்துபோன கதை.

சரி, சர்ச்சுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கு. ஒரே குரலைப் பல இடத்துக்கு அனுப்புவதில் சர்ச்சுகள் எப்பவுமே முன்வரிசை. பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ ரேடியோ 1920 நவம்பரில் தொடங்கியது. இரண்டே மாதத்தில், 1921 ஜனவரி 2-ம் தேதி, அந்த ஊர் கால்வரி எபிஸ்கோபல் சர்ச்சின் ஞாயிறு ஆராதனையை நேரடியாக ஒலிபரப்பினார்கள். கூட்டத்தின் கவனம் சிதறக்கூடாது என்று, உள்ளே மைக்கோடு உட்கார்ந்த இரண்டு இன்ஜினியர்களுக்கும் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்களாம். ஒருத்தர் கத்தோலிக்கர், இன்னொருத்தர் யூதர் என்று அந்தக் கதையில் சொல்வார்கள். இளைஞர் மையத்தில் ஏணி மேலே நின்றுகொண்டு நான் நினைத்துச் சிரித்தது இவங்களைத்தான்.

இன்னும் பின்னாடி போகணும்னா அசிசி நகரத்துப் புனித கிளாரா இருக்கார். பதிமூணாம் நூற்றாண்டு. உடம்பு முடியாமல் படுத்திருந்ததால் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போக முடியவில்லை. ஆனால் பூசை முழுவதும் தன் அறைச் சுவரில் தெரிந்ததாகச் சொன்னாராம். 1950களின் இறுதியில் போப் பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். அறைக்கு ஒரு திரை, பார்ப்பவர் ஒருத்தர். இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1954-ல் பில்லி கிரஹாம் லண்டன் ஹாரிங்கே அரங்கில் பன்னிரண்டு வாரம் கூட்டம் நடத்தியபோது, டெலிபோன் லைன் வழியாகப் பிரிட்டன் முழுக்க நூற்றுக்கணக்கான கூடங்களுக்கு அவர் குரல் போனது. 1967-ல் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் இருந்து இருபத்தைந்து நகரங்களுக்குப் படமே போனது. நடுவில் 1958-ல் ஓஹையோவின் ஆக்ரன் நகரை ஒட்டிய புறநகரில் ரெக்ஸ் ஹம்பார்ட் என்ற போதகர் 5400 பேர் உட்காரும் ஒரு சர்ச்சைக் கட்டினார். பேர் கதீட்ரல் ஆஃப் டுமாரோ. டீவி ஒளிபரப்பை மனதில் வைத்தே கட்டிய கட்டிடம் அது. இதிலெல்லாம் ரிமோட் பிரச்சினை வரவே இல்லை, கவனிச்சீங்களா? ஒவ்வொரு கூடத்திலும் கருவியோடு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். தொடங்கும்போது போடுவார், முடிந்ததும் அணைப்பார். சம்பளம் வாங்குகிற ஆளோ தொண்டரோ, கை என்று ஒன்று ஒவ்வொரு திரைக்கும் இருந்தது.

ரிமோட் வேறு வழியில் வந்தது. வீட்டு வழியில். ஸெனித் கம்பெனித் தலைவர் மெக்டொனால்டுக்கு விளம்பரம் என்றால் ஆகாது. உட்கார்ந்த இடத்தில் இருந்தே அதன் வாயை அடைக்க ஒரு கருவி வேண்டும் என்று இன்ஜினியர்களைக் குடைந்தார். 1950-ல் லேஸி போன்ஸ் என்று ஒன்று வந்தது. டீவிக்கும் சோபாவுக்கும் நடுவில் வயர் ஓடும், எல்லாரும் தடுக்கி விழுவார்கள். 1955-ல் யூஜின் பாலி செய்த ஃப்ளாஷ்மேட்டிக். துப்பாக்கி மாதிரி இருக்கும் டார்ச், டீவியின் நாலு மூலையிலும் நாலு ஒளி உணரி. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து பட்டால் சேனல் தானாக மாறும்.

1956-ல் ராபர்ட் ஆட்லர் செய்த ஸ்பேஸ் கமாண்ட்தான் நின்றது. அதில் பேட்டரியே கிடையாது. பட்டனை அமுக்கினால் உள்ளே ஒரு சின்ன சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும், நம் காதுக்கு எட்டாத சத்தம் கிளம்பும், டீவி அதைக் கேட்டுக்கொள்ளும். (சாவிக்கொத்தைக் குலுக்கினாலும் சில சமயம் சேனல் மாறும்.) ரேடியோ அலையை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? அதை யோசித்தார்கள், வேண்டாம் என்று விட்டார்கள். ரேடியோ அலை சுவரைத் தாண்டிப் போகும். நான் சேனல் மாற்றினால் பக்கத்து ஃப்ளாட்டில் மாறும். ஒலி அப்படியில்லை, அறைக்குள் நின்றுவிடும். பிறகு 1980களில் இன்ஃப்ராரெட் வந்தபோதும் இதே குணம்: சுவருக்குள் அடங்கும்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. அறைக்குள் அடங்கினால் போதும் என்று முடிவு செய்தபோதே, ஓர் அறையில் ஒரு டீவிதான் இருக்கும் என்பதையும் சேர்த்து முடிவு செய்துவிட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் அன்றைக்கு இல்லை. அதனால்தான் ரிமோட் யாரிடம் பேசுகிறோம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடாது. "ஏய், மாறு" என்பதோடு சரி. பவர் பட்டனும் அப்படியே. "அணை" என்றோ "எரி" என்றோ அது சொல்லவில்லை. "இப்போ எப்படி இருக்கியோ அதுக்கு எதிரா மாறு" என்கிறது. ஒரு டீவி, எதிரில் ஒரு ஆள், அவர் கண்ணால் பார்த்துக்கொண்டே அமுக்குகிறார் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. எட்டு டீவி வந்தால் துடைப்பக்கட்டைதான். பல மாடல்களில் "அணை" மட்டும், "எரி" மட்டும் என்று தனித்தனிக் கட்டளைகள் உள்ளே உண்டு. ஆனால் கூடவே வரும் ரிமோட்டில் அதற்குப் பட்டன் வைக்கமாட்டார்கள்.

ரிமோட் ஆளைப் பார்த்துப் பேசாது என்பதை வைத்து ஒருத்தர் விளையாடினார். சான் ஃபிரான்சிஸ்கோக்காரர் மிட்ச் ஆல்ட்மன், 2004-ல் டீவி-பி-கான் என்று ஒரு சாவிவளையம் விற்றார். ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் ஊரில் இருக்கும் கம்பெனிகளின் பவர் கட்டளைகளை எல்லாம் வரிசையாக ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். ஹோட்டலில் டீவி இரைச்சல் தாங்காதவர்களுக்காகச் செய்தது. 2008 ஜனவரியில் லாஸ் வேகஸின் மின்னணுப் பொருள் கண்காட்சியில் கிஸ்மோடோ தளத்துக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போய், வரிசை வரிசையாக மாட்டியிருந்த புத்தம்புதுத் திரைகளை அணைத்துவிட்டார்கள். கடை போட்டவர்கள் முழிக்கிற வீடியோவையும் போட்டார்கள். ஒருத்தருக்குக் கண்காட்சிக்குள் வரத் தடை. அங்கே நின்ற கம்பெனிக்காரர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம் உண்டு, ஆனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. எத்தனை கோடிக் கம்பெனியாக இருந்தாலும், யார் வந்து சொன்னாலும் கேட்கும் டீவியைத்தானே அவர்களும் செய்திருந்தார்கள்.

பல டீவியை ஒரே இடத்தில் இருந்து ஆட்டிவைப்பது அமெரிக்காவில் அதுவரை நடக்கவே இல்லையா என்றால், நடந்தது. பள்ளிக்கூடங்களில். மேரிலாந்தின் ஹேகர்ஸ்டௌன் பகுதியில் 1956-லேயே பள்ளிகளை வயரால் கோத்துப் பாடம் ஒளிபரப்பினார்கள். ஆனால் பெரிய அளவில் செய்து காட்டியது ஒரு தனியார் கம்பெனி. 1990 மார்ச்சில் கிறிஸ் விட்டில் தொடங்கிய சேனல் ஒன். ஏற்பாடு இதுதான்: பள்ளிக்கு சாட்டிலைட் டிஷ், வீடியோ ரெக்கார்டர், வகுப்புக்கு வகுப்பு டீவி, உள் வயரிங் எல்லாம் இலவசம். பதிலுக்கு தினமும் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சியைக் காட்டவேண்டும். பத்து நிமிடம் செய்தி, இரண்டு நிமிடம் விளம்பரம். பள்ளி நாட்களில் 90 சதவீதம், வகுப்புகளில் 80 சதவீதம் காட்டியே ஆகவேண்டும் என்று ஒப்பந்தம். நிறுத்தினால் சாமானைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அழகான வேலை. நிகழ்ச்சி சாட்டிலைட்டில் வரும், ரெக்கார்டர் தானாகப் பதிந்துகொள்ளும், குறித்த நேரத்தில் அத்தனை வகுப்பிலும் ஓடும். துடைப்பக்கட்டை தேவையில்லை. உச்சத்தில் 12,000 பள்ளிகள், எண்பது லட்சம் மாணவர்கள். ஆனால் பட்டன் யார் கையில்? நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் 1989-லேயே அரசுப் பள்ளிகளில் இது கூடாது என்று தடை போட்டது. எட்டாம் வகுப்புப் பையனுக்குப் பாட நேரத்தில் சாக்லேட் விளம்பரம் காட்டும் உரிமையை ஒரு டிஷ்ஷுக்கு விற்கக்கூடாது என்பதுதான் எதிர்த்தவர்கள் கட்சி. அந்தப் பணத்தில் டீவி வாங்க முடியாத ஏழைப் பள்ளிகள்தான் அதிகம் சேர்ந்தன என்பது ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் பொதுவான வாதம்! சேனல் ஒன் 2018-ல் மூடப்பட்டது. என்னைக் கேட்டால் அதில் வந்த செய்தி நன்றாகவே இருந்தது. அணைக்கிற பட்டனை வாத்தியார் கையில் கொடுத்திருக்கலாம்.

இளைஞர் மையத்தில் எட்டு டீவி எப்படி வந்தது என்று இன்னும் சொல்லவில்லை. பாட்டு வரிகள் காட்ட ஒரு பெரிய திரை போதும். எட்டு எதுக்கு? நண்பரிடம் கேட்டேன். ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: ஹேலோ.

2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் வந்தபோது கூடவே வந்த சுடும் விளையாட்டு. ஒரு பெட்டியில் நாலு பேர் ஆடலாம், திரை நாலாகப் பிரியும். நாலு பெட்டிகளை வயரால் கோத்தால் பதினாறு பேர். நாலு பெட்டிக்கு நாலு டீவி. ஒவ்வொரு அணியும் தனித்தனி மூலையில். பதின்வயதுப் பசங்களை வெள்ளிக்கிழமை ராத்திரி உள்ளே வரவைக்க இதைவிடச் சுலபமான வழி எதுவும் இல்லை என்று சர்ச்சுகள் கண்டுகொண்டன. 2007 செப்டம்பரில் ஹேலோ 3 வெளியானது, அடுத்த மாதமே நியூயார்க் டைம்ஸ் இதைப் பெரிய செய்தியாகப் போட்டது. நூற்றுக்கணக்கான சர்ச்சுகள் இதை வைத்துப் பசங்களை இழுக்கின்றன என்று. அந்த விளையாட்டுக்குப் பதினேழு வயதுக்கு மேல்தான் விற்பார்கள். உள்ளே வந்தவர்களில் பாதிப் பேருக்கு மீசையே முளைத்திருக்காது. "கொலை செய்யாதிருப்பாயாக" என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு அதற்குக் கீழே இதைப் போட்டு ஆடவிடலாமா என்று உள்ளேயே சண்டை.

இங்கேதான் பட்டனுக்கு ஓர் அர்த்தம் வருகிறது. ஒரு மணி நேரம் ஆட்டம், பிறகு இருபது நிமிடம் பேச்சு. அந்த மாற்றம் ஒரே நொடியில் நடக்கவேண்டும். எட்டுத் திரையும் ஒன்றாக இருண்டால் பசங்கள் "ஆஆ" என்று கத்திவிட்டுத் திரும்பி உட்காருவார்கள். ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் நாற்பது தலையும் அந்த மூலைக்கே திரும்பும். பேசவந்த ஆள் காலி. நண்பர் எனக்கு விளக்கிய பிரச்சினை இதுதான். அவருக்கு இது தொழில்நுட்பக் கேள்வியே இல்லை. அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் மற்றதெல்லாம்.

பழைய டீவிகள் இருந்தவரை இதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. மாடுலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி. வீடியோவை உள்ளே கொடுத்தால் அதை 3-ம் சேனலாக மாற்றி ஒரே கோஆக்சியல் வயரில் அனுப்பும். ஸ்ப்ளிட்டர் போட்டு எத்தனை டீவிக்கு வேண்டுமானாலும் இழுக்கலாம். நம்ம ஊர் கேபிள்காரர் ராத்திரி பத்து மணிக்குப் புதுப்படம் போட்டதும் இதே வித்தைதான். எல்லா டீவியும் 3-ம் சேனலிலேயே கிடக்கும், என்ன ஓடவேண்டும் என்பதை அலமாரிக்குள் இருக்கும் ஒரு சுவிட்ச் முடிவு செய்யும். டீவியை அணைக்கவே வேண்டாம், படத்தை மாற்றினால் போதும். நாற்பத்தெட்டின் வித்தை அறுபது வருஷம் ஓடியது. 2009 ஜூன் 12-ம் தேதி அமெரிக்காவின் பெரிய ஸ்டேஷன்கள் எல்லாம் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. அதற்குள் தட்டை டீவிகள் வந்துவிட்டன, அவற்றின் முதுகில் எச்டிஎம்ஐ.

எச்டிஎம்ஐயின் முதல் வரையறை 2002 டிசம்பரில் வந்தது. படம் பிரமாதம். ஆனால் அதுவும் வீட்டுக்காகச் செய்தது. கூடவே வரும் எச்டிசிபி என்ற பூட்டு, எதிர்முனையில் இருப்பது அனுமதி பெற்ற திரைதானா என்று ஒவ்வொரு தடவையும் விசாரிக்கும். எட்டில் ஒரு திரை சரியாகப் பதில் சொல்லாவிட்டால் சில சமயம் எட்டும் கறுப்பாகிவிடும். ஒரே வயரில் கட்டளை அனுப்ப சிஇசி என்று ஒரு வசதியும் உண்டு. பிளேயரைப் போட்டால் டீவி தானாக எரியுமே, அது. ஆசையாக அதன் விலாசப் பட்டியலைப் பார்த்தேன். 0 முதல் 15 வரை. 0 என்றால் டீவி. ரெக்கார்டருக்கு மூன்று, பிளேயருக்கு மூன்று, டியூனருக்கு நாலு என்று தாராளமாக ஒதுக்கியிருக்கிறார்கள். டீவிக்கு ஒன்றே ஒன்று. கிளாரா காலத்துக் கணக்கு மாறவே இல்லை.

கடைகளுக்கும் விமான நிலையங்களுக்கும் விற்கிற திரைகளில் கதை வேறு. அவற்றின் பின்னால் ஆர்எஸ்-232 என்று ஒரு ஒன்பது முள் சாக்கெட் இருக்கும். 1960-ல் டெலிபிரின்டருக்காகவும் மோடத்துக்காகவும் வகுத்த தரம். அதில் அனுப்பும் கட்டளையில் டீவிக்கு எண் உண்டு. உதாரணமாக எல்ஜி திரைகளில் ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என்று எண் கொடுத்துவைக்கலாம். எண் இருக்கவேண்டிய இடத்தில் 0 போட்டு அனுப்பினால் வரிசையில் இருக்கும் அத்தனை திரைக்கும் பொருந்தும். "அணை" என்றால் அணை, "எரி" என்றால் எரி. நம் புதிருக்கு விடை இதுதான், ரொம்ப நாளாகவே இருக்கிறது. விலைதான் அதிகம். சர்ச்சுகள் வாங்குவதோ தீபாவளித் தள்ளுபடி மாதிரி இங்கே நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள் கிடைக்கிற மலிவு டீவி. 2012-ல் 35 டாலருக்கு ராஸ்பெர்ரி பை வந்த பிறகு இதற்கு ஒரு ஏழை வழி கிடைத்தது. டீவிக்கு ஒரு பை. ஒவ்வொரு பையும் தன் எதிரில் இருக்கும் ஒற்றை டீவியோடு சிஇசியில் பேசும், பைகள் எல்லாம் நெட்வொர்க்கில் ஒரே ஆள் சொல்வதைக் கேட்கும். எட்டு சோபாவில் எட்டுப் பேரை உட்காரவைத்து ஆளுக்கொரு ரிமோட் கொடுத்த மாதிரி.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் தேடிக்கொண்டிருந்தபோது சட்டப் புத்தகத்திலும் இதே கணக்கு மாட்டியது. அதைச் சொல்லாமல் விட மனசில்லை.

மறுபடியும் பிட்ஸ்பர்க். ஜார்ஜ் ஐக்கன் என்பவர் அங்கே கோழிக்கறிக் கடை வைத்திருந்தார். ரேடியோ ஒன்று, கூரையில் நாலு ஸ்பீக்கர். ரேடியோவில் வந்த பாட்டுக்கு ராயல்டி கொடு என்று பாட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1975-ல் உச்ச நீதிமன்றம் ஐக்கன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருஷமே காங்கிரஸ், வீட்டில் வைத்திருக்கிற மாதிரியான கருவி என்றால் பரவாயில்லை என்று சட்டத்தில் எழுதியது. 1998-ல் அதற்கு எண் போட்டார்கள். குறிப்பிட்ட பரப்பளவுக்கு மேலான கடைகளில் ஒளிபரப்பாகும் பாட்டுக்குக் காசு கொடுக்காமல் தப்பிக்க வேண்டுமானால் டீவி நாலுக்கு மேல் கூடாது, எதுவும் 55 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, ஒரு ரூமுக்கு ஒன்றுதான். சட்டத்தில் அப்படியே இருக்கிறது, ஒரு ரூமுக்கு ஒரு டீவி! (கடைகளுக்கு இப்படி இலவசம் கொடுப்பது சர்வதேச ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று 2000-ல் உலக வர்த்தக அமைப்பின் குழு சொன்னது தனிக்கதை.)

இந்த 55 அங்குலத்தை அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 2007 பிப்ரவரி 4. சூப்பர் பௌல் இறுதி ஆட்டம், இண்டியனாபோலிஸ் அணி ஆடுகிறது. அதே ஊரின் ஃபால் கிரீக் பாப்டிஸ்ட் சர்ச் எல்லாரையும் கூப்பிட்டுப் பெரிய திரையில் காட்டத் திட்டம் போட்டது. லீகில் இருந்து கடிதம் வந்தது. கட்டணம் வாங்கக்கூடாது, சூப்பர் பௌல் என்ற பெயரைப் போடக்கூடாது, திரை 55 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. சொந்த ஊர் டீம் ஃபைனல் ஆடுகிற அன்றைக்கு! பீர் விற்கும் பாரில் சுவர் முழுக்கக் காட்டலாம், சர்ச்சில் பசங்களுக்குக் காட்டக்கூடாதா என்று நாடு முழுக்கக் கேள்வி. வழக்கு போடுவோம் என்று சிலர் கிளம்பினார்கள். செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் சர்ச்சுகளுக்கு விலக்குக் கொடுக்க ஒரு மசோதாவே கொண்டுவந்தார். இவரும் பென்சில்வேனியாக்காரர், சொல்லவேண்டுமா.

லீகும் உரிமைக்காரன்தான், அவன் சொத்தை அவன் காப்பாற்றிக்கொள்வதில் தப்பில்லை என்று வாதாடலாம். ஆனால் ஐம்பத்தைந்து அங்குலம் என்பது ஒரு காலத்தில் "வீட்டில் இவ்வளவு பெரிய டீவி யார் வைத்திருக்கப்போகிறார்கள்" என்று போட்ட கோடு. 2007-லேயே அது பல்லிளிக்க ஆரம்பித்திருந்தது. 2008 பிப்ரவரியில், அந்த வருஷத்து ஆட்டம் முடிந்த பிறகு, லீக் இறங்கிவந்தது. கமிஷனர் ராஜர் குடெல், செனட்டர் ஆரின் ஹாட்ச்சுக்கு எழுதிய கடிதத்தில் திரை எந்த அளவாக இருந்தாலும் இனி ஆட்சேபிக்கமாட்டோம் என்றார். இரண்டு நிபந்தனைகள்: காசு வாங்கக்கூடாது, சர்ச் வழக்கமாகப் பயன்படுத்தும் இடமாக இருக்கவேண்டும். வாடகை மண்டபம் செல்லாது. இளைஞர் மையம் செல்லும்.

அந்தப் புது ஏற்பாட்டில் வந்த முதல் ஆட்டம் 2009 பிப்ரவரி 1-ம் தேதி நடந்தது. ஜெயித்தது யார்னு நினைக்கறீங்க? பிட்ஸ்பர்க் :-)